ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்

— கொஞ்சம் மெதுவா பேசுங்க. நீங்க போடுற சத்தத்துக்கு பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்கா ஜன்னலையே மூடிட்டாங்க.

— மூடட்டும்! மொட்டை மாடில, தண்ணி டேங்க் பக்கத்துல, போன ஒசத்திப் புடிச்சினு நிக்கிறேன். சிக்னல் ஒரே ஒரு கோடுதான் வருது. ஹலோ, மிஸ்டர் சேர்மன், மகேந்திரன் ஃப்ரம் இந்தியா... கேக்குதா? போச்சு. திரும்பவும் கட்டாயிடுச்சு, பூர்ணி!

— கரண்ட் ரெண்டரைக்கே போய்டுச்சு, அதோட வீட்டு வைஃபையும் போச்சு. லைன்ல வேலை நடக்குதாம், வர அஞ்சு மணி ஆவும்னு கீழ் வீட்ல சொல்றாங்க.

— உலகத்துல இருக்கற போனுங்க எல்லாம் எப்படி வேலை செய்யணும்னு ரூல் எழுதற கூட்டத்துல நானும் ஒருத்தன். எனக்கு ஆம்பூர்ல சிக்னல் இல்ல. சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்? இன்னாங்க, நான் சொல்றத கேளுங்க. ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு நான் இன்னிக்குள்ள பதில் சொல்லணும். திங்கக்கிழமை பேட்டர்ன் செக்‌ஷன்ல வந்து சேர்ந்துடுங்கன்னு...

— ஒரு நிமிஷம்மா. இது முடியட்டும்.

— ரெண்டு வாரமா அந்த ஒரு நிமிஷம் முடியல.

— அந்தக் கூட்டத்துக்கு நான் எழுதிக் குடுத்த பேப்பரு போவுது பூர்ணி! ரெண்டு வருஷ வேலை!

— தோல் டேனரி தண்ணித் தொட்டில வெக்கிற மீட்டர் விஷயம்தானே? அது இன்னுமா ஓடுது?

— அதேதான். அந்த மீட்டருக்குள்ள இருக்கற சிம்மு, சும்மா சும்மா டவர கூப்ட்டு, நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லினே இருக்குது. அதான் மூணு மாசத்துல பேட்டரி காலி. கூப்புடறத கம்மி பண்ணுங்கடா, வருஷக்கணக்குல வரும்னு சொல்றேன். யாரு போன் செஞ்சாலும், யாரு டவர் செஞ்சாலும் இப்படித்தான் செய்யணும்னு ஸ்டாண்டர்டுல ஏறணும். ஏறாட்டி எவனும் செய்ய மாட்டான்.

— நல்லதுன்னா ஒத்துக்கினு போவ வேண்டியதுதானே? ஒரு ஓட்டு வெச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

— ஓட்டா? அங்க ஓட்டுன்ற பேச்சே எடுக்க மாட்டாங்க. நூத்துக்கணக்குல கம்பெனி, எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கணும். ஆட்சேபணை உண்டான்னு சேர்மன் கேப்பாரு. எவனாவது ஒருத்தன் புடிவாதமா நின்னான்னா பேப்பர் அங்கியே நிக்கும். கொரியா கூட்டத்துல போட்டேன், யோசனை நல்லாருக்கு, மொதல்ல ஆராய்ச்சி பண்ணலாம்னாங்க. பண்ணேன். கனடால போட்டேன், எழுத்து தெளிவா இல்ல, மாத்தி எடுத்துனு வான்னாங்க. ஏழு தடவ மாத்தினேன். இப்ப ஸ்வீடன்ல கூட்டம், எனக்கு விசாவே வரல!

— தெரியும். விசா வரலன்னு ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம இருந்தீங்க. நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— அங்க இருந்தாதான் காரியம் நடக்கும். பாதி ஸ்டாண்டர்டு காபி குடிக்கிற நேரத்துலதான் முடிவாவுது. போட்டிக் கம்பெனிக்காரன் ஒருத்தன் இருக்கான், ஆளு பலே கில்லாடி. இதுக்கே அவன் வேற ஒரு வழி வெச்சிருக்கான். அதுல அவங்க பேட்டன்ட் இருக்கு, சும்மா வுடுவானா? ரெண்டு பேரும் ஆஃப்லைன்ல, கூட்டத்துக்கு வெளிய பேசிக்கங்கன்னு சேர்மன் சொல்லிட்டாரு. அவன் காபி கப்ப எடுத்துனு ஒவ்வொருத்தர் கிட்டயா போயி பேசறான். நான் இங்க டேங்க்கு கிட்ட பேசினு இருக்கேன். இன்னிக்குக் கடைசி நாளு. இந்த ரிலீஸ், அதான் இந்தத் தடவ ரூல் புக்கு, இன்னியோட மூடிடுவாங்க, விட்டா இன்னும் ரெண்டு வருஷம்.

— எனக்கும் இன்னிக்குத்தாங்க கடைசி நாளு.

— ம்.

— ம்முன்னா? வேலைல சேருன்னு சொல்றீங்களா, வேணாம்னு சொல்றீங்களா?

— உன் விஷயம் நோட்டட். போதுமா?

— ஆஹா! நோட்டட்னு எழுதினா தூக்கி ஓரமா போட்டுட்டாங்கன்னு அர்த்தம், போன மாசம் நீங்கதானே பொலம்புனீங்க?

— ஐயோ, பேஜார் பண்ணாத பூர்ணி! ராணிப்பேட்டை போக வர மூணு மணி நேரம். பாப்பாவ ஸ்கூல்ல இருந்து யாரு கூட்டினு வர்றது? இதெல்லாம் உக்காந்து பேசணும், இல்ல?

— எப்பங்க உக்கார்றது? போன வருஷம் வாணியம்பாடி கம்பெனி கூப்ட்டப்பவும் உக்காந்து பேசலாம்னீங்க. நாம உக்கார்றதுக்குள்ள அங்க வேற ஆளு உக்காந்தாச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் வெட்டின பேட்டர்ன்ல தெச்ச ஷூ ஜெர்மனில கடைல நின்னிச்சு. இப்ப பாப்பா நோட்டுக்கு அட்டை வெட்டினு இருக்கேன். எனக்கு வயிறு எரியுதுங்க. சத்தியமா சொல்றேன், தெனம் எரியுது.

— புரியுதும்மா, இரு இரு... வந்துடுச்சு! ரெண்டு கோடு! மணி நாலு அடிக்குது, இப்பவாவது வந்துச்சே. மெயிலுங்க எறங்குது. ஆடாம நில்லு.

— நான் நின்னா சிக்னல் இன்னா பண்ணும்? நான் என் போன பாக்கறேன், நீங்க உங்க போன பாருங்க.

— சேர்மன் மெயிலு வந்திருக்கு. இரு, படிக்கறேன்... ஐயோ!

— இன்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி ஆவுது?

— அந்தப் போட்டிக் கம்பெனிக்காரன் என் பேப்பர வேற மாதிரி எழுதி அனுப்பியிருக்கான். நம்ம டைம் ரெண்டே முக்காலுக்கு. மூணரைக்குள்ள ஆட்சேபணை இருந்தா மெயில்ல சொல்லுங்க, இல்லன்னா ஒத்துக்கினதா எடுத்துக்குவோம்னு சேர்மன் போட்டிருக்காரு.

— நமக்கு ரெண்டரைக்கே கரண்ட் இல்லியே.

— மூணு முப்பத்தொண்ணுக்கு இன்னொரு மெயிலு. யாரும் ஒண்ணும் சொல்லல, அப்ரூவ்டு. அவ்ளோதான். என் மூணு பக்கத்த தூக்கிட்டு அவன் எழுதினது ஏறிடுச்சு.

— கரண்ட் இல்லன்னு எழுதிப் போடுங்க. மனுஷங்கதானே, புரிஞ்சிக்குவாங்க.

— போட்டுட்டேன். தோ, பதிலும் வந்துடுச்சு. வருத்தப்படறோம், கெடு முடிஞ்சிடுச்சு, அடுத்த ரிலீஸுக்குக் கொண்டு வாங்கன்னு. வருத்தமாம்! ஏன்டா, ஒருத்தன் வாயத் தொறக்கலன்னா ஒத்துக்கினான்னு அர்த்தமா? வாயத் தொறக்காதவன் லைன்ல இருக்கானா, நாம சொன்னது அவன் காதுல வுழுந்துச்சான்னு ஒரு தடவ பாக்க வேணாம்? இது இன்னா நியாயம் பூர்ணி? எனக்கு அழுகையா வருது.

— உக்காருங்க. மொதல்ல இந்தத் தண்ணிய குடிங்க. எனக்கு நெஜமாவே கஷ்டமா இருக்கு. எத்தினி ஞாயித்துக்கிழமை அந்தப் பேப்பரோட உக்காந்தீங்கன்னு பாத்தவ நானு.

— நீ ஒருத்தியாவது கேக்கறியே. சரி வுடு. நீ சொல்லு, உன் ராணிப்பேட்டை விஷயம். இப்ப சாவகாசமா பேசலாம்.

— மணி நாலு பத்து ஆவுதுங்க.

— ஆவட்டும், அதுக்கு இன்னா?

— காலைலயே நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். திங்கக்கிழமை நான் ராணிப்பேட்டைல சேர்றேன், ஆட்சேபணை உள்ளவங்க சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லலாம்னு. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நான் கூட்டினு வர்றேன்னு அத்தை வாய்ஸ் மெசேஜே போட்டுட்டாங்க. ஜோலார்பேட்டைல இருந்து உங்க அக்கா முத்துமாரி கைதட்டற எமோஜி போட்டுட்டாங்க. வேற யாரும் ஒண்ணும் சொல்லல.

— அடிப்பாவி! நான் அத பாக்கவே இல்லியே! எனக்கு சொல்றதுக்கு எவ்ளோ இருக்கு பூர்ணி!

— ரெண்டு கோடு வந்தப்பவே கம்பெனிக்கு வர்றேன்னு அனுப்பிட்டேங்க. திங்கக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் நான் கெளம்பிடுவேன். கீழ வாங்க, பாப்பாவுக்கு ரெட்டை ஜடை எப்படிப் பின்றதுன்னு காட்டறேன்.