நாலு தூண்

இந்த அறைக் கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை, ஐயா. கீழ்க்கீல் தளர்ந்திருக்கிறது, ஒரு வாஷர் போட்டால் போதும். தப்பாக நினைக்க வேண்டாம், எங்கே நுழைந்தாலும் என் கண் முதலில் கதவுக்குத்தான் போகும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

பெரிய ஷட்டர் கதவுகளுக்குக் காற்றுக் கணக்குப் போடுவது என் வேலை. லாரி நுழைகிற வாசலை மூடும் கதவு, புயலில் எவ்வளவு தள்ளலைத் தாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். பாதிப் பேருக்கு இது எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது. கதவு போனால் கதவோடு நிற்காது என்பதும் ஏறாது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். கூரை போனால் சுவருக்குப் பிடிப்பில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கணக்குச் சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே என்று யாரும் தேடி வந்து கைகொடுப்பதில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த லாரிப் பணிமனைக் கதவுக்கு மூன்று வருடம் முன்பு கணக்குப் போட்டேன். ஆறு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம், எதிரே வெட்டவெளி. புயல் நேரத்தில் கதவுக்குப் பின்னால் தரையில் குத்தி நிறுத்த நான்கு இரும்புத் தூண் வேண்டும் என்று எழுதினேன். எங்கள் தலைமைப் பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டி, எதிரே வரிசையாகக் கட்டடம் இருக்கிறதே, அது காற்றை மறைக்காதா என்றார். வரைபடத்தில் இருந்தது உண்மைதான். அவை கட்டப்போகிற கட்டடங்கள், புள்ளிக்கோட்டில் போட்டிருந்தார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தவன். அங்கே முள்செடியும் ஓர் உடைந்த தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. நான்கு தூண் இரண்டாகக் குறைந்தது, எனக்கு ‘நாலு தூண்’ என்று பெயர் விழுந்தது.

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில், ‘நாலு தூண், அந்த உப்பைத் தள்ளு’ என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உப்பைத் தள்ளிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் உண்மைப் பெயரே தெரியாது. ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து, இரண்டே தூணோடு அந்தக் கதவு எந்த வேகத்தில் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்தது. அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்தேன்.

பணிமனை மேற்பார்வையாளன் என் மனைவியின் தம்பி. பத்து வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவன். அவன் மேல் எனக்கு எள்ளளவும் கோபம் கிடையாது. என் கணக்கை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அவன் கேட்டிருந்தால் என் கண்ணையே கொடுத்திருப்பேன்.

புயலன்று மத்தியானம் அவன் போன் செய்தான். உள்ளே டிரைவர்களும் மெக்கானிக்குகளுமாகப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். “மாமா, எல்லாரையும் பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா? இல்ல, கதவு தாங்குமா?”

என் மனைவி பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்துக்கே போகச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள்.

“அங்கயே இரு. தாங்கும்” என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். காலிக் கட்டடத்தில் கதவு விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு வாரத்தில் புதுக் கதவு வரும், அவ்வளவுதான். நான் எழுதிய தாளை எவன் எடுத்துப் பார்ப்பான்? உள்ளே ஆள் இருந்தால்தான் விசாரணை வரும். விசாரணை வந்தால்தான் பழைய கோப்பைப் புரட்டுவார்கள். நீங்களே புரட்டினீர்கள்.

துறைமுகத்துக் காற்றுமானி காட்டுவதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்து நான்கில் மறுபடியும் போன் அடித்தது.

“மாமா, கதவு நடுவுல உள்ள வருது. பின்வாசல் வழியா ஓடிடட்டுமா?”

பின்வாசலுக்கு முப்பது அடிதான். நான், “இன்னும் கொஞ்சம் பொறு” என்றேன். அவன் பொறுத்தான். என் பேச்சைத் தட்டுகிற பிள்ளை இல்லை அவன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இணைப்பு அறுந்தது.

பதினொரு பேர் போனார்கள், அவனும்தான். துக்கம் கேட்க வந்த தலைமைப் பொறியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று அழுதார். என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் நினைத்த அளவுக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஐயா. காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அவன் கடைசியாக என்ன கேட்டான் என்று என் மனைவி கேட்டாள். கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். அவள் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவள் இடத்தில் யார் இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தெரிந்தே சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு திருத்தம். கதவு விழுந்தபோது காற்று நூற்று முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறீர்கள். அது துறைமுகத்து அளவு. பணிமனை கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே மூன்று குறையும். நூற்று இருபத்தெட்டு என்று மாற்றுங்கள், நான் காத்திருக்கிறேன்.