குத்தாலத்துக்குத் தறி எதற்கு

"குத்தாலத்துக்குத் தறியத் தூக்கிக்கிட்டா போக முடியும்?" என்று எனக்கு முன் சீட்டில் ஒருவர் கேட்டார்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். எங்கள் கரி பஸ் காரியாபட்டியில் நின்றிருந்தது. பின்னால் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அருப்புக்கோட்டை நெசவாளி. பக்கத்தில் மனைவி, அவள் மடியில் ஒன்றரை வயதுப் பையன்.

"தறிய ஆரு தூக்கச் சொன்னா? காட்டுக்குள்ள எங்கண்ணன் பேசி வச்ச வீட்டுல நாலு நாளு இருந்துட்டு வாரோம்" என்றாள் மனைவி.

"தறிக்குப் பக்கத்துலயே தொட்டில் கட்டி வளத்த பிள்ளை. சத்தம் நின்னா முழிச்சு அழுகுறான். காட்டுல எப்பிடித் தூங்குவான்?"

"பக்கத்துலயே அருவி. ராவும் பகலும் சத்தந்தானாம்."

"கிணத்துத் தண்ணியத் தவிர எதப் பாத்திருக்கான்? அருவியக் கேட்டுப் பயந்துக்கிருவான்."

"அப்ப அங்க நானே தறி ஓட்டுறேன்."

அவள் தூக்குச்சட்டி மூடியில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். டக், டக்கென்று தறியின் அதே தாளம். பையனுக்குக் கண் சொருகியது. கொஞ்ச நேரத்தில் தலை அவள் தோளில் சாய்ந்தது.

அவருடைய கால்கள், தறிக்குழிக்குள் மிதிகட்டையை மிதிப்பதுபோல, பஸ்ஸின் தரைப்பலகையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். கால்கள் நிற்கவில்லை.

"பிள்ளை தூங்கிட்டான். நீங்க கால நிப்பாட்டுங்க" என்றாள். "வெள்ளிக்கிழமை கிளம்புறோம்."