சம்பந்தி கையில அரிப்பு

ஹலோ... ஆமா சம்பந்தி, நான்தான்... ஆச்சு, ஆச்சு, சாப்பிட்டாச்சு. நானே பொங்கி நானே போட்டுக்கிட்டேன். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் இங்க வேற யாரு?... ஓ, எம்பொண்ணு உங்களுக்குப் பழம் நறுக்கிக் குடுத்தாளா? குடுப்பா, குடுப்பா. மாமனார்னா உசுரு அவளுக்கு. பெத்தவன் இருக்கானா போனானான்னு ஒரு போன்... சரி, விடுங்க.

ஊசியா? எனக்கும் போட்டாச்சு... ஆமா, அதே ஊசி, அதே ஆஸ்பத்திரி. ரெண்டு பேருக்கும் ப்ராஸ்டேட் கேன்சர், அதுலயும் மோசமான ரகம். ஆறு மாசம் ஊசியும் மாத்திரையும், அப்புறம் ஆபரேஷன். அதுலயெல்லாம் நீங்களும் நானும் ஒண்ணுதான். மாத்திரையிலதானே பிரிச்சுட்டாங்க! ஏதோ மருந்து ஆராய்ச்சியாம், பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம்... ஆமாமா, அதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நான்தான், யாரு இல்லேன்னா?

ஆனா நிஜ மருந்து உங்களுக்குத்தான்... எப்படித் தெரியுமா? போன மாசம் முழங்கை வரைக்கும் தடிச்சுப்போய், சொறிஞ்சுக்கிட்டே வந்தீங்களே! நிஜ மாத்திரைன்னா சில பேருக்கு அப்படித் தடிக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்களா இல்லியா? என் கையைப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்ல. வயிறு எரிஞ்சுது சம்பந்தி. ஆமா, மூடி மறைக்கல, எரிஞ்சுது. கல்யாணத்துல உங்க கை ஓங்கிச்சு, சரி. வியாதியிலயுமா?

...என்னது? அரிப்பு போயிடுச்சா? எப்ப... திங்கக்கிழமை புது டப்பா வாங்கினப்புறம்தானே?... முன்னாடியேவா?... சோப்பா? எந்தச் சோப்பு?... துணி துவைக்கிற சோப்பை எம்பொண்ணு மாத்தினாளா. மாத்தின மறுநாளே அடங்கிடுச்சா.

இருங்க, என் டப்பாவை எடுத்துட்டு வர்றேன்.

சம்பந்தி, உங்க மாத்திரை டப்பாவை எடுங்க. மேல ஒட்டின நம்பர்ல கடைசி ரெண்டு என்ன?... நாப்பத்தொண்ணா. அது என்னுது... ஆமா. திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க உள்ள போறப்ப உங்க பையை எங்கிட்டதானே குடுத்துட்டுப் போனீங்க?... ஆமா. நான்தான் மாத்தினேன்.

திட்டுங்க... ம்... திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, எத்தனை நாள் போட்டீங்க?... நாலு நாளாவா! என் நிஜ மாத்திரையை நாலு நாளா நீங்களா முழுங்கிக்கிட்டு இருந்தீங்க?... சரி, சரி, கத்தாதீங்க. யாருக்கு நிஜம்னு இப்ப எனக்கும் தெரியாது. இன்னிக்கு ரெண்டு பேரும் போட வேணாம். நர்ஸம்மாகிட்ட நானே உடைச்சுச் சொல்லிடறேன். எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம், கையெடுத்துக் கும்பிடறேன்...

ஸ்பீக்கர்லயா போட்டிருந்தீங்க?

...அம்மாடி... ம்... எல்லாத்தையும் கேட்டுட்டியா... ஆமா... ஆமாம்மா, தப்புதான்... அழாதே. அழாதேன்னா...

அம்மாடி, யாருக்காக அழற? அவருக்கா, எனக்கா?

...ஹலோ? ஹலோ?