முன் சக்கரத்துக்கு மட்டும் மஞ்சத்தண்ணி

அட, சேரெல்லாம் வேணாம் சந்துரு, இந்த டயரு மேலயே குந்திக்கறன். நீ உன் வேலயப் பாரு. பேங்குக்குக் கூட வா ஆயான்னுதான் எம்பேத்தி கவிப்பிரியா கூப்ட்டா. எனக்கு அந்த ஏசி ஆவாது, மூக்கு ஒழுவும்னு சொல்லிட்டன். உன்கிட்ட காரு சாவியக் குடுத்துட்டு ஒரே ஓட்டமா போயிட்டா பாத்தியா, மூஞ்சக் கூட நிமுந்து பாக்காம.

என்னாச்சுன்னா கேக்கற? அதே கததான். சும்மா ஓடறப்ப ஒண்ணுமில்ல. பிரேக்க மிதிச்சா மட்டும் டகடகடகன்னு ஸ்டீரிங்கு கைலயே ஆடுது, ஜல்லி கலக்கற மிசினு மேல குந்தன மாரி. தீர்த்தமல போனமா, மொரப்பூரு தாண்டி ஒரு வேகத்தடைல இவ பிரேக்கு போட்டா. என் பல்லுசெட்டு கழண்டு கம்மங்கூழு சொம்புல உழுந்துருச்சு. அத எடுக்கறதுக்கு மொத்தக் கூழையும் நானே குடிச்சன். கூழுக்குப் பல்லு வேணாம், அது வேற சங்கதி.

சரி, வண்டிக்கு வரன். ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சாவணும் சந்துரு. ஓசூர்ல இருந்து கவிப்பிரியாவப் பொண்ணு பாக்க வராங்கன்னு எம்மவன் திருமாலு நாளு வெச்சிருக்கான். அதுக்கு முந்தி எனக்கு ஒரு விசியம் தெரிஞ்சாவணும், அதுக்குதான் வந்து குந்தியிருக்கன்... என்னா, ஸ்பேனரக் கீழ போட்டுட்ட? கால்ல உழுந்துச்சா? பாத்துப்பா.

மொத மொத ஆடுனப்பவே உன்கிட்ட வந்துருக்கணும். எம்மவன் எங்க உட்டான்? எங்களுக்கு வத்தல்மலைல கொஞ்சம் காடு இருக்குது இல்ல, சாம, ராகி போட்டிருக்கம். மலய உட்டு எறங்கனா அடிவாரத்துல முனியப்பன் கோயில்ல நிறுத்தி, சக்கரத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்தாம எங்க சனம் ஒருத்தரும் நவுர மாட்டம். அன்னிக்கு திருமாலுதான் ஓட்டனான். கொண்டஊசி வளைவு பூரா பிரேக்கு மேலயே காலு. சக்கரம் கருகற நாத்தம் மூக்கத் தொளைக்குது. அப்பிடியே கொடத்தக் கவுத்தான் பாரு, புஸ்ஸுன்னு ஆவி. இட்லிப்பானைய தொறந்த மாரி.

பொறப்பட்டு கொஞ்ச தூரத்துல ஒரு நாயி குறுக்க வந்துச்சு. பிரேக்க மிதிச்சான். வண்டி மேலுகீழு நடுங்குது. இவன் என்னா பண்றான் தெரியுமா, கன்னத்துல போட்டுக்கறான்! கெடா மேல தண்ணி தெளிச்சா ஒடம்ப ஒதறி துலுக்குது இல்ல, வெட்டறதுக்கு சாமி உத்தரவுன்னு, அந்த மாரி வண்டி துலுக்கி உத்தரவு குடுத்துருச்சாம். என்னாத்துக்குடா உத்தரவு, வண்டிய வெட்டறதுக்கான்னு கேட்டன். முனியப்பன் கூடவே வராரும்மா, நீ பேசாம இருன்னுட்டான். ஒரு மாசம் அப்பிடியேதான் ஓட்டனான். பிரேக்கு போடறப்பல்லாம் ஸ்டீரிங்க உட்டுட்டு கையெடுத்துக் கும்புடறான்ப்பா! அந்த ஒரு மாசம் உசுரோட இருந்ததே முனியப்பன் புண்ணியந்தான், அதுவும் வாஸ்தவம்.

கெடான்னதும் நாபகம் வருது. எங்க பக்கத்து வூட்டு குள்ளம்மா ஒரு கெடா நேந்து உட்டிருந்தா. தண்ணிய தெளிக்கறாங்க, தெளிக்கறாங்க, துலுக்கவே இல்ல. மாருகழிக் குளுருல ஈரத்துண்டோட நின்ன பூசாரி நடுங்கறாரு, கெடா நடுங்கல. ஊத்தன தண்ணிய நக்கிக் குடிச்சிட்டு நிக்கிது. கடசீல வூட்டுக்கே ஓட்டிக்கினு வந்துட்டாங்க. இப்பவும் அவ சீலயத் தின்னுக்கினு ராசா மாரி இருக்குது.

சிரிக்கறியா? சிரி, சிரி. சிரிச்சா நல்லாதான் இருக்குற.

அப்பறம் நீதான கண்டுபுடிச்ச. மல எறக்கத்துல பிரேக்கு சூடேறி, அந்தச் சூட்டுல பச்சத்தண்ணி பட்டு டிஸ்க்கு கோணிக்கிச்சு, அதான் பேடு கவ்வறப்ப ஒதறுதுன்னு சொன்ன. லேத்துல குடுத்து சமமா கடஞ்சி மாட்டன. ரெண்டாவது கியருல எறங்குங்க, சக்கரம் ஆறன பொறவு தண்ணி ஊத்துங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்ன. திருமாலு காதுல வாங்கனானோ என்னமோ, கவிப்பிரியா வெச்ச கண்ணு வாங்காம கேட்டுக்கினு நின்னா.

மறுக்கா ஆடுச்சு. புது டிஸ்க்கே மாத்தன. அதுவும் ஆடுது. இன்னொரு வாட்டி ஆடுனா காயலாங்கடைல போட்டுட்டு, உன் கடைக்கும் ஒரு கும்புடு போட்டுடுவன்னு திருமாலு குதிக்கறான். நீ அவனத் தப்பா நெனைக்காத. உம்மேலயும் தப்பில்ல. எப்பிடின்னா கேக்கற?

போன வாரம் மலைல இருந்து எறங்கறம். இவதான் ஓட்டறா. திருமாலு பின் சீட்டுல கொறட்ட. அடிவாரத்துல நிறுத்தனா. இத்தன நாளு அந்தக் கோயிலுக்கு வண்டிய உட்டே எறங்க மாட்டா, போன நோண்டிக்கினு உள்ளயே குந்தியிருப்பா. அன்னிக்கு கொடத்தத் தூக்கிக்கினு போறா, அடிபம்பு அடிக்கறா, மஞ்சளக் கரைக்கறா. நெருப்பா கொதிக்குது சக்கரம், ஊத்தறா. புஸ்ஸு! இந்தப் பக்கம் வந்து ஊத்தறா. புஸ்ஸு! என்னாடி திடீர்னுன்னா, பக்தி ஆயாங்கறா. அப்ப பின் சக்கரத்துக்கு சாமி வேணாமாடின்னு கேட்டன்.

அதுல டிஸ்க்கு இல்ல ஆயாங்கறா!

சொல்லிட்டு நாக்கக் கடிச்சிக்கினா. நான் பொடவயத் தட்டிக்கினு வண்டில ஏறிக்கினன்.

ஏன்ப்பா வண்டிக்கு அடில போயிட்ட? வெறும் பிரேக்கு பாக்கறதுக்கு அவ்ளோ உள்ளயா போவணும்? சரி, அங்க படுத்துக்கினே கேளு. போன தடவ வண்டிய கழுவி, உள்ள இருக்கற புள்ளையாருக்கு செம்பருத்தி வெச்சி குடுத்தியே, வாசல்ல நிக்கிற அந்த லாரிக்காரருக்கும் வெச்சியா? வெக்கல இல்ல? அப்பறம் என்னா. அவ அப்பன்கிட்ட சொல்ல பயந்துக்கினு இங்க வரதுக்குன்னே டிஸ்க்கு டிஸ்க்கா கோண வெச்சிக்கினு இருக்கறா, நீ வாயத் தொறக்காம மாத்திக்கினு இருக்கற. எத்தனி டிஸ்க்கு வரைக்கும் போறதா உத்தேசம்?

உங்கம்மா சென்னம்மா எனக்குப் புதுசா? நூறு நாள் வேலைக்கு ஒண்ணாதான் போறம். நேத்துகூட ஏரிக்கரைல ஒரே சட்டில சோறு துன்னம். அவளுக்கு சம்மதந்தான். நீதான் எது கேட்டாலும் ஆவட்டும் ஆவட்டும்னு மழுப்பறியாமே.

என்னா, ஓசூர்காரங்களா? அவங்க வர மாட்டாங்கப்பா. முந்தாநாளே போனு போட்டு, பொண்ணுக்கு மனசில்ல, மன்னிச்சிக்கங்கன்னு சொல்லிட்டன். திருமாலுக்குதான் இன்னும் தெரியாது. பந்தலுக்கு சொல்லிட்டான், கேசரிக்கு முந்திரி வாங்கிட்டான், அக்கம்பக்கம் பூரா கூப்ட்டுட்டான். அதனால ஞாயித்துக்கெழம காலைல யாராச்சும் ஒரு மாப்ள வந்து குந்திதான் ஆவணும். நீ சீக்கிரம் வெளிய வந்து குளிச்சி, ஒரு நல்ல சட்ட இருக்குதா பாரு.