கணவாயில் கேட்ட கேள்வி

தேநீர் நன்றாக இருக்கிறது, தோழரே. எங்கள் மலையில் இவ்வளவு சர்க்கரை போட மாட்டோம்.

அந்த இரண்டு ஹங்கேரிக்காரர்களைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஜார் போரில் பிடித்துவந்த கைதிகள். முகாமிலிருந்து தப்பி, மலைக்கு அப்பால் சீன எல்லைக்குள் இருக்கும் காஷ்கருக்குப் போக வழிகாட்டி தேடி என் கூடாரத்துக்கு வந்தார்கள். சிப்பாய்களாம். ஒருவனைக் குதிரைமேல் ஏற்றவே ஆள் வேண்டும். இன்னொருவன், டெஷோ, விடிந்ததும் என் மனைவி உமுசுனாயோடு உட்கார்ந்து ஆடு கறந்தான். பெண்பிள்ளை வேலை. ஆடு உதைத்து, பாலெல்லாம் அவன் முகத்தில். அவள் சிரித்தாள். எங்கள் மகனை ஜாரின் ஆட்கள் கூலிவேலைக்குப் பிடித்துப்போன பிறகு அவள் சிரித்ததே இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புறப்படும்போது டெஷோவின் வாயருகே ஒரு ரொட்டியை நீட்டினாள்.

"ஒரு கடி கடிச்சிட்டுப் போப்பா. மிச்சத்தத் திரும்பி வந்து தின்னு."

அது பெற்ற பிள்ளைக்குச் செய்வது. மகன் கடித்துவிட்டுப் போன ரொட்டிக்குப் பக்கத்திலேயே இதையும் தொங்கவிட்டாள்.

"கண்டவனுக்கெல்லாமா?" என்றேன்.

"கண்டவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. நீங்க ஒழுங்கா கொண்டுபோய் விடுங்க."

கீழே பள்ளத்தாக்கில் உங்கள் செம்படை ஆட்கள் இப்படிப்பட்ட கைதிகளிடம் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். அதனால் மலையில் உங்களை எதிர்த்தவர்கள் வெளிநாட்டு முகத்தைக் கண்டாலே சுட்டார்கள். எங்கள் மலைக்காரர் ஒருவரின் விருந்தாளி என்றால் மட்டும் தொட மாட்டார்கள். அந்த வழக்கத்தை அவர்கள் மீறியதில்லை.

கணவாயில் வழிமறித்தார்கள். தலைவன் எஷ்மத் எனக்குத் தெரிந்தவன்தான்.

"என்ன சதிபால்டி அண்ணே, மந்தையில புதுசா ரெண்டு வெள்ளாடு? உங்க விருந்தாளிங்களா?"

டெஷோ எங்கள் மொழியில் அந்தச் சொல்லை உமுசுனாயிடம் கற்றிருந்தான். "விருந்தாளி," என்று தன் நெஞ்சைத் தொட்டு, என்னையும் காட்டினான்.

"இல்லப்பா. வழியில ஒட்டிக்கிட்டானுங்க," என்றேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று டெஷோ நினைத்தானோ என்னவோ. என் பக்கம் திரும்பி, சிரித்தபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல அதே சொல்லை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். முட்டாள்கள் கடைசிவரை முட்டாள்கள்தான்.

நான் யாரையும் சுடவில்லை. எஷ்மத் கேட்டான், பதில் சொன்னேன். அவர்கள் சுட்டபோது நான் குதிரையின் சேணவாரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இருவரும் பத்திரமாகக் காஷ்கர் சேர்ந்துவிட்டார்கள் என்று உமுசுனாயிடம் சொன்னேன். அவள் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. மனைவியின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறவன் நான், தோழரே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.