முதலில் காது கொடுங்கள், பிறகு தேர்வு வையுங்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கி, வியர்வை வழிய விசிறிக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஒலிந்தா அம்மையார் அவர்களே! கூடத்தைத் தந்து, கூடவே கேக்கும் தந்த பங்குத்தந்தை அவர்களே! நான் மைக்கைத் தொட்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நகரமன்ற உறுப்பினர் அடெமார் அவர்களே! கோழி ஆலையின் குளிரில் நின்று நின்று குதிகால் மரத்துப்போன என் கூட்டாளித் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த இராஸியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

தொடங்கும் முன் ஒரு சிறு விண்ணப்பம். இரண்டு கைகளாலும் காதைப் பொத்துங்கள். பொத்துங்கள் ஐயா, காசா பணமா? இன்னும் இறுக்கி!

...

போதும், எடுங்கள். அடெமார் ஐயா, இப்போது நான் என்ன சொன்னேன்? "வாய் அசைஞ்சுது, ஒண்ணும் கேக்கல" என்கிறார். கேட்கவில்லையா? தேர்வில் தோற்றீர்கள்! குடியுரிமை கிடையாது! மூட்டையைக் கட்டுங்கள்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், இன்று சிரிக்கும் நாள்தான். ஆனால் இந்த ஊரில் ஒருத்தி ஆறு ஆண்டுகள் அப்படித்தான் நின்றாள். இதோ முன்வரிசையில் மஞ்சள் சட்டையில் உட்கார்ந்திருக்கிறாளே, கெர்லின், இன்றைய விழா நாயகி, அவள்தான்.

ஹைட்டியிலிருந்து நம் பிரேசிலுக்கு வந்த அன்றே கோழி வெட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். காது கிழியும் இரைச்சல் அங்கே. உள்ளே நுழையும்போதே காதை அடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பேச்சு ஏது, பாட்டு ஏது? கத்தி மழுங்கினால் ஒரு சாடை, கழிப்பறைக்கு ஒரு சாடை, மேற்பார்வையாளர் வந்தால் ஒரு சாடை. வீடு திரும்பினால் விழுந்து படுக்கத்தான் தெம்பு இருக்கும். ஊர் என்ன சொன்னது? "இத்தனை வருசமாச்சு, நம்ம பாஷை வரல பாரு, என்ன திமிரு!" திமிரா? காதை அடைத்தவளிடம் மொழியைக் கேட்டால், எங்கிருந்து எடுத்துத் தருவாள்?

அடெமார் ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். தேர்வை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று போன மாதம் இதே மேடையில் முழங்கினீர்கள். இத்தாலியிலிருந்து வந்த உங்கள் தாத்தாவுக்கு வீட்டு இத்தாலியம் தவிர ஒரு சொல் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தப் பேச்சுக்கு இங்கே தடை வந்தபோது, கடையில் உப்பு மூட்டையை விரலால் காட்டி உப்பு வாங்கினார். அவரை அன்றே கப்பல் ஏற்றியிருந்தால் இன்று முழங்க யார் இருந்திருப்பார்? உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். என் தாத்தாவும் அவருக்குப் பின்னால் அதே வரிசையில்தான் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

போன ஆண்டு கெர்லினின் மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இந்த வேலைய விட்டுடும்மா. இல்லேன்னா கை போயிடும்." பள்ளிச் சமையற்கூடத்தில் ஓர் இடம் காலி. சமைத்துக் காட்டியதில் இவளே முதல். ஆனால் அது அரசு வேலை, குடிமக்களுக்கு மட்டும். குடியுரிமைக்கோ போர்த்துகீசியத் தேர்வு. பார்த்தீர்களா தாய்மார்களே? நாக்கு தேறினால்தான் கை பிழைக்கும்!

எங்கே கற்பது? எங்கள் காது திறந்திருக்கும் ஒரே இடம் ஆலைப் பேருந்து. அங்கே மாத்தே என்னும் சுடச்சுட மூலிகைத் தேநீர் நிறைந்த சுரைக்குடுக்கை கைக்குக் கை மாறி வரும். வாங்கினால் உறிஞ்ச வேண்டும், கொடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு கதை அளந்தால் எங்கள் நெல்சி விடுவாளா? "அடியே, அது என்ன மைக்கா? குடிச்சுட்டுக் குடு!" அந்த நெல்சிதான் ஒருநாள் எழுந்து நின்று சட்டத்தையே புரட்டினாள். "கெர்லினுக்கு மட்டும் வேற சட்டம். அவ ஏதாவது பேசினாத்தான் குடுக்கை நகரும்!"

ஐயோ, எங்கள் பாடு! இவளோ வாயைத் திறக்க மாட்டாள். பின்னால் ஒரு பேருந்தே தொண்டை காய்ந்து கிடக்கிறது. "தண்ணி ஆறுதுடி, ஏதாவது சொல்லித் தொலை!" "மழை பெய்யுதுன்னாவது சொல்லும்மா!" தாகம் எங்களை எல்லாம் ஆசிரியை ஆக்கியது. முதலில் மழை வந்தது. பிறகு மாமியார் வந்தாள். பிறகு ஜன்னலோர இருக்கைக்கு நெல்சியோடு சண்டையே வந்தது. நெல்சி எழுந்து இடம் விட்ட அன்று பேருந்தே கைதட்டியது!

அந்தத் தெம்பில் நான் குதித்தேன். "தேர்வாவது மண்ணாவது! அதையே எடுக்கச் சொல்லி மனு குடுப்போம்!" கெர்லின் முறைத்தாள். "வேணாங்கா. மருத்துவர் சொன்னது எனக்குப் பாதி புரியல. என் கையைப் பத்தின சேதி, எனக்கே புரியல. தேர்வு இருக்கட்டும். மொதல்ல காது குடுங்க, அப்புறம் தேர்வு வைங்க."

அந்தச் சொல்லைத்தான் இன்று இந்த மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.

தேர்வு அறையில் ஒரு படத்தைக் காட்டினார்களாம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கூட்டம். "இதப் பத்திப் பேசுங்க" என்றார்களாம். கேட்க வேண்டுமா! "இந்தச் சிவப்புச் சட்டைக்காரி ஜன்னல் சீட்டுக்குத்தான் முட்டிக்கிட்டு நிக்கிறா, பாருங்க" என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. "நேரம் முடிஞ்சுதும்மா" என்றாராம் தேர்வு நடத்திய அம்மையார். "இருங்க, இந்தத் தொப்பிக்காரர் கதை இன்னும் பாக்கி!" என்றாளாம் இவள்.

பிறகு காத்திருப்பு. பசி போச்சு, தூக்கம் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை வெட்டும் அறையின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே இரைச்சல், கத்தினாலும் கேட்காது. வீங்கிய அந்தக் கையை உயரத் தூக்கி, நாக்கை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினாள். தேறிவிட்டது! நான் நெல்சிக்குச் சாடை காட்ட, நெல்சி அடுத்தவளுக்குக் காட்ட, வரிசை முழுக்கச் செய்தி ஓடியது. ஒரு சத்தம் கேட்கவில்லை, ஒரு கண் காயவில்லை. மேற்பார்வையாளர் யாருக்கோ விரல் போய்விட்டது என்று பதறி ஓடிவந்தார். அப்பாடா, கை பிழைத்தது என்று சாடையில் அவருக்கு எப்படிச் சொல்வது?

நேற்று குடியுரிமை வந்துவிட்டது. திங்கட்கிழமை நம் பிள்ளைகளுக்கு இவள் கைச் சோறு. ஆனால் வரிசையில் இன்னும் எத்தனை கெர்லின்கள்! மொழி வேண்டுமா? வேண்டும், நிச்சயம் வேண்டும். அப்படியானால் ஆலை நேரத்திலேயே தினம் அரை மணி, இரைச்சல் இல்லாத ஓர் அறை, ஓர் ஆசிரியர். கேட்கலாமா? கேட்போமா? அடெமார் ஐயா கை தூக்குகிறார்! கடிகாரம் பார்க்கத்தான் தூக்கினாரோ என்னவோ, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கும், கேக்கைத் தொடாமல் காத்த ஒரு சிலருக்கும் நன்றி கூறி, எல்லோரையும் வணங்கி நான் இறங்குகிறேன். கெர்லின், மேலே வா. இந்தா, பிடி. இது குடுக்கை இல்லையடி, மைக்தான். யாருக்கும் தொண்டை காயவில்லை. நீ நிதானமாக வைத்துக்கொண்டு பேசு.