விடவா, விடு

டீ எல்லாம் வேணாம் சார். வேன்ல இருக்கறவருக்கும் வேணாம், அவரு எறங்க மாட்டாரு, அங்கயே இருக்கட்டும். நீங்க மொதல்ல இங்க வாங்க. இந்த அடிமரத்துல என்ன இது, சொல்லுங்க. எறும்பா? எறும்பு அளவெடுத்து ஒரே உயரத்துல ஆறு ஓட்டை போடுமா சார்? மேல களிமண்ண வெச்சு அழகாப் பூசி வேற விட்டிருக்கு, நல்லாப் படிச்ச எறும்பு போல. குனிஞ்சு மோந்து பாருங்க. சீ, மரத்தக் கொல்ற மருந்து. இருவது வருஷமா மரம் ஏறுறேன், இந்த நாத்தம் எந்த டப்பாவுல இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?

சரி, நீங்க ஊத்தல. காத்து வந்து ஊத்துச்சுன்னே வெச்சுக்குவோம். மரம் பட்டுப்போச்சுன்னா கார்ப்பரேஷன் ஆபீஸ்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு யாராவது சொல்லிருப்பாங்க. இந்த யோசனை சொல்றதுக்குன்னே தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். ஏறி அறுக்கறது அவனா? பச்ச மரத்துல கால வெச்சா கிளை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், தாங்காதுன்னு நாம சுதாரிச்சுக்கலாம். விஷம் குடிச்ச மரம் அதெல்லாம் சொல்லாது. பாக்க நல்லாத்தான் நிக்கும், கால வெச்சா படக்குன்னு போகும். இவ்ளோ பெரிய தூங்குமூஞ்சி மரம், உங்க வீட்டுக்கே கொட பிடிச்சுட்டு நிக்குது. என்ன தப்பு பண்ணுச்சு இது? காரு மேல காக்கா எச்சம் விழுது. ஒரு துணி வாங்கி மூடினாத் தீந்துச்சு. அதுக்கு இப்படியா சார்?

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கா? எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. அன்னிக்கு மரத்துக்கா லீவு? ஆபீஸ்காரனுக்கு லீவு, அதானே? இல்ல சார், பைசாவப் பத்தி இல்ல. நீங்க கூட தர்றேங்கறதக் கேட்டாத்தான் எனக்கு இன்னும் அருவருப்பா இருக்கு.

ஆபீஸ்காரன் மேல பாசத்துல பேசறேன்னு நெனைக்காதீங்க. அவன் வந்து மரத்தச் சுத்தி ஒரு நட நடந்து, பெயிண்ட்ல நம்பர் எழுதிட்டுப் போக ரெண்டு மாசம் எடுத்துக்குவான். பெயிண்ட் டப்பாவத் தெறக்க முடியலைன்னு ஒருத்தன் அப்படியே திரும்பிப் போனத நானே பாத்திருக்கேன். அவனையும் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வரும். ஆனா வெட்டலாம்னு அவன் தர்ற அந்தப் பேப்பர் கைல இருந்தா, மேல பாருங்க, கிளைக்குள்ள பூந்து போகுதே கரண்ட் கம்பி, அத நிறுத்தச் சொல்லி கரண்ட் ஆபீஸ்ல கேக்கலாம். தெருவுக்குக் குறுக்க கயிறு கட்டலாம். பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, புள்ளைங்கள உள்ள வெச்சுக்கோங்கன்னு சொல்லலாம். எல்லாத்த விடவும், வாய் விட்டு சத்தம் போடலாம். திருட்டு வேலைல அது முடியாது சார்.

எதுக்கு சத்தமா? சொல்றேன். மேல இருக்கறவன் கிளையப் பாதி அறுத்துட்டு நிறுத்துவான். மிஷின அணைச்சுட்டு, விடவான்னு கேப்பான். கீழ கயிறு புடிக்கறவன் நாலு பக்கமும் பாத்துட்டு, ஆளில்லைன்னா, விடுன்னு கத்துவான். பதில் வரலைன்னா பொழுது சாஞ்சாலும் மேல இருக்கறவன் மறுபடி வாள வைக்கக் கூடாது. எங்க தொழில்ல பாதி இதுதான். மீதிதான் ஏறறதும் அறுக்கறதும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல் வீடு. இதே மாதிரி ஞாயித்துக்கிழமை, இதே ஆறு மணி. சட்டம் படிச்ச மனுஷன், அவரே சொல்றாரு, பேப்பர் எல்லாம் எதுக்குப்பா, நான் பாத்துக்கறேன்னு. நல்லாப் பாத்துக்கிட்டாரு. மிஷின் வேணாமாம், கைவாள்ல அறுக்கணுமாம். முக்கியமா யாரும் கத்தக் கூடாது, எதிர்வீட்டுக்காரன் முழிச்சுட்டா போன் போட்டுருவான். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டினேன். ஆமா சார், நான்தான். வேற யாரையோ சொல்றேன்னா நெனச்சீங்க?

கீழ என் தங்கச்சி புருஷன். பதினோரு வருஷமா எனக்குக் கயிறு புடிச்சவன் அவன்தான். சத்தம் போடாம எப்படி மச்சான்னு அவன் மட்டும் கேட்டான். நான் பாத்துக்கறேன் மாப்ள, ஆளில்லைன்னா அறுத்துருவேன், நீ தள்ளியே நில்லுன்னேன். அந்த வக்கீல் சொன்ன அதே வார்த்தை, பாருங்க. பாத்துக்கறேன்.

நாலு கிளை ஒழுங்கா எறங்குச்சு. அஞ்சாவது கிளைல நான் வாள இழுத்துட்டிருக்கேன், வக்கீல் ஜன்னல்ல வந்து நின்னு மாப்ளையப் பாத்து சைகை காட்டறாரு. கிளைக்கு நேர் கீழ ஒரு ரோஜாத் தொட்டி இருந்துருக்கு. அது ஒடைஞ்சுரும், நகர்த்துங்கறாரு. வாயத் தெறக்கல சார், வெறும் வெரலுதான், எதிர்வீடு முழிச்சுருமே. எனக்கு அது தெரியல, எல மறைக்குது. நான் குனிஞ்சு பாத்தப்போ கீழ யாரும் இல்ல. அப்புறம்தான் அவன் தொட்டியத் தூக்க உள்ள வந்திருக்கான். ஒரே ஒரு விடவா கேட்டிருந்தா, இருன்னு சொல்லியிருப்பான். கேக்கல. கிளை போயிருச்சு, அவன் முதுகு மேல.

தொட்டிக்கு ஒரு கீறல் இல்ல சார். பூ கூட உதிரல.

வக்கீல் செருப்ப மாட்டிட்டு வெளிய வந்தாரு. மொதல்ல தொட்டியத்தான் பாத்தாரு, நான் பாத்துட்டேன் அத. அப்புறம் மெதுவா சொல்றாரு, ஆம்புலன்ஸ் இந்த வாசலுக்கு வரக் கூடாது, அப்புறம் மரத்தப் பத்திக் கேள்வி வரும், தெருமுனைக்குக் கொண்டு போயி அங்க இருந்து கூப்பிடுன்னு. த்தூ. மன்னிச்சுக்கோங்க, உங்க வாசல்ல துப்பிட்டேன். அந்தப் பேச்ச நெனச்சாலே வாயெல்லாம் கசக்குது.

நெனவா? மாப்ளைக்கு நல்லா இருந்துச்சு. செருப்பு கழண்டு போச்சா, காலு நல்லாத் தெரிஞ்சுது. கட்டவெரல மடக்கி நீட்டினான், ரெண்டு தடவ. ஒண்ணுமில்ல மச்சான்னு வேற சொன்னான்.

வக்கீலா, அவரு எங்க தூக்கினாரு? அவரு கேட்டச் சாத்திட்டு உள்ள போயிட்டாரு. தூக்கினது நான். மூட்டை மாதிரி தோள்ல போட்டு, எட்டு வீடு தாண்டி. அவன் பல்லக் கடிச்சுட்டு கத்தாம வந்தான், கத்தக் கூடாதுன்னு நான்தான சொல்லியிருந்தேன். முனைல எறக்கிப் படுக்க வெச்சேன், வெரல் அசையல. முதுகுல அடிபட்டவன இப்படித் தூக்கின மடையன் யாருன்னு ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு. தெருவுல யாரோன்னு சொன்னேன். கிளை விழுந்ததுலதான் கால் போச்சுன்னு என் தங்கச்சி இன்னிக்கும் நெனச்சுட்டிருக்கா. அவனுக்குத் தெரியும் சார். அவனும் சொல்லல. அந்த வக்கீலத் திட்டித் திட்டி மூணு வருஷம் ஓட்டிட்டேன். ஆனா கண்ணாடியப் பாத்தாலும் துப்பத்தான் தோணுது, என்ன பண்றது.

சரி, கெளம்பறேன். நாளைக்கு ஆபீஸ் போயி ஃபாரம் வாங்குங்க. ஓட்டை போட்டதையும் மறைக்காம எழுதுங்க, திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. இந்த மரத்துல இனி ஆள் ஏறக் கூடாது. கிரேன் கூடைல நின்னுதான் அறுப்பேன். பேப்பர் வந்ததும் கூப்பிடுங்க, வர்றோம்.

வர்றோம்னா, அவனும்தான். வேன்ல உக்காந்திருக்காரே, ஏன் எறங்கவே மாட்டேங்கறாருன்னு வந்ததுல இருந்து கேக்கறீங்கள்ல, அவன்தான் எங்க மாப்ள. வேன உள்ள கொண்டாந்து, மரம் முழுசாத் தெரியற மாதிரி கதவத் தெறந்து வெச்சு நிறுத்திருவேன். கயிறு வேற ஆளுங்க புடிப்பாங்க. அவனுக்கு ஒரே வேலைதான். நான் விடவான்னு கேப்பேன், அவன் நாலு பக்கமும் பாத்துட்டு விடுன்னு கத்துவான். கொரல் பெருசு சார் அவனுக்கு, நாலு தெருவுக்குக் கேக்கும். உங்க ஞாயித்துக்கிழமைக்கெல்லாம் அது ஒத்து வராது.